ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்

எங்கள் கண்ணாடிக் கடை சாரம் என்கிற பகுதியில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. கண்ணாடி என்றால் மூக்குக் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி கேட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களை என் மனைவி அன்பாகவும் நான் எரிச்சலாகவும் அடுத்த தெருவுக்கு அனுப்பி வைப்போம். இருபத்திரண்டு வருடமாகக் கடை இப்படித்தான் நடக்கிறது. லென்ஸ் வெட்டுவது, ஃபிரேமில் பொருத்துவது, கம்பியை வளைப்பது எல்லாம் நான். வருகிறவர்களோடு பேசுவது அவள். என் வாயை நம்பி ஒரு வாடிக்கையாளரும் திரும்ப வந்ததில்லை என்று அவள் சொல்வாள். அதை நான் மறுத்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்பு பெரிய சாலையிலேயே ஒரு ஷோரூம் வந்தது. ஏ.சி., கண்ணைப் பறிக்கும் விளக்குகள், சீருடை போட்ட ஆட்கள், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். முதல் மாதம் நாங்களும் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தோம். ஆறாவது மாதம் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினோம். நான் காலையில் கடையைத் திறந்து, ஃபிரேம்களைத் துடைத்து, மறுபடியும் துடைத்து, மத்தியானம் வரை செய்தித்தாளின் வரி விளம்பரங்களைக்கூட விடாமல் படித்தேன். இப்படியே போனால் கடையை மூடிவிட்டு அந்த ஷோரூமிலேயே போய் வேலை கேட்க வேண்டியதுதான் என்று ஒரு நாள் சொன்னேன். "உங்க வாய்க்கு அங்க ஒரு நாள் வெச்சிருப்பாங்களா?" என்றாள் அவள்.

விளம்பரம் கொடுக்க வசதியில்லை. செலவில்லாமல் என்ன செய்யலாம் என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். யோசித்துப் பார்த்தால், அவள் ஏற்கெனவே அப்படித்தான் கடையை நடத்திக்கொண்டிருந்தாள். கழன்ற ஸ்க்ரூவை முடுக்கித் தர நாங்கள் காசு வாங்குவதில்லை. எங்கே வாங்கிய கண்ணாடி என்று கேட்பதும் இல்லை. மூக்கில் உட்காரும் சின்ன ரப்பர்த் துண்டு மஞ்சளாகிப் போயிருந்தால், கேட்காமலே அதை மாற்றிவிடுவாள். கண்ணாடி வாங்கிப்போன எட்டாம் நாள் போன் செய்து, "படி எறங்கும்போது தரை தூக்கினு தெரியுதா?" என்று விசாரிப்பாள். இந்த உலகத்தில் யாருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. யாருக்கு எந்தக் காது மேலே என்று ஆர்டர் கார்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைப்பாள். இரண்டு வருடம் கழித்து அவர் வரும்போது, உட்காருவதற்கு முன்பே, "உங்களுக்கு எடது காதுதான கொஞ்சம் மேல?" என்று கேட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். அவருடைய காதை அவர் பெற்ற பிள்ளைகள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மேல் நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ரோஷம் வந்தது. சிறு கடைக்காரர்களுக்கு யோசனை சொல்லும் வீடியோ ஒன்றில், வாடிக்கையாளரின் பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள், ஒரு பைசா செலவில்லை, மனிதர் உங்களை மறக்க மாட்டார் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஆர்டர் கார்டில் பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலானவர்கள் ஆதார் அட்டையைப் பார்த்து அதை நிரப்பியிருந்தார்கள். நான் கார்டுகளை எல்லாம் தேதிவாரியாக அடுக்கினேன். மனைவியிடம் சொல்லவில்லை. என்னாலும் அன்பாகப் பேச முடியும் என்று காட்டுவதாகத் திட்டம்.

அடுக்கும்போதே ஒன்று கண்ணில் பட்டது. ஜூன் ஒன்றாம் தேதியில் மட்டும் பத்தொன்பது கார்டு இருந்தது. ஒரே நாளில் இத்தனை பேர் பிறந்திருக்கிறார்களே, நல்ல ராசியான நாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆண்டு ஜூன் ஒன்று வந்தது. காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றி, போனை எடுத்தேன். மனைவி சமையலை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் வருவாள். அதற்குள் பத்தொன்பது பேரையும் வாழ்த்திவிட வேண்டும்.

முதலில் ஓர் ஆட்டோக்காரர். "பொறந்த நாளா? எனக்கா? யாரு சொன்னது?" என்று கேட்டுவிட்டு ஸ்டாண்டில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சேர்ந்து சிரிப்பது எனக்குக் கேட்டது. இரண்டாவது ஆள் ஒரு மளிகைக்கடைக்காரர். "ஓ.டி.பி. எல்லாம் சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டார். மூன்றாவதும் நான்காவதும் அண்ணன் தம்பி. இருவருக்கும் ஒரே தேதி, ஒரே வருடம். இரட்டையர் என்று நினைத்து நான் அதற்கும் சேர்த்து வாழ்த்தினேன். "ரெட்டப் புள்ளைங்க இல்லீங்க. எங்கள ஒண்ணா இஸ்கூல்ல சேத்தாங்க. எங்கம்மா ரெண்டு தடவைதான் பெத்தாங்க" என்றார் அண்ணன். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். பொட்டில் அடித்த மாதிரி ஆறு பேர் சொல்லியும், எடுத்த வேலையை முடிக்க வேண்டும் என்ற வீம்பில் ஏழாவது கார்டை எடுத்தேன்.

அது கோரிமேட்டு அக்காவுடையது. அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருடங்களுக்கு முன்பு, கால் கழன்ற கண்ணாடியோடு பஸ் பிடித்து எங்கள் கடைக்கு வந்தார். அன்றைக்கு ஒரு ஸ்க்ரூ போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வேலை செய்த வார்டே எங்கள் கடைக்கு வந்தது. நர்ஸ்கள், துப்புரவு வேலை செய்தவர்கள், அவர்கள் வீட்டு மாமியார்கள், நோயாளிகளின் சொந்தக்காரர்கள். ஷோரூம் வந்த பிறகும் எங்களுக்கு ஓரளவு ஆள் வந்துகொண்டிருந்தது என்றால் பாதி அவர் அனுப்பியது. அவருக்குச் செய்த புதுக் கண்ணாடி அன்று தயாராகி டப்பாவில் இருந்தது. வாழ்த்தும் சொல்லலாம், கண்ணாடி ரெடி என்றும் சொல்லலாம் என்று உற்சாகமாக எண்ணை அழுத்தினேன்.

"அக்கா, கண்ணாடிக் கடையிலேர்ந்து பேசறேன். இன்னிக்கு உங்க பொறந்த நாளு. நூறு வருஷம் நல்லா இருக்கணும்."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

"இன்னா சொன்ன?"

கேட்கவில்லை போலிருக்கிறது என்று நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"தம்பி, அந்தத் தேதிய எங்கிட்ட சொல்லாத. என்ன ஊட்டுக்கு அனுப்பின தேதி அது" என்றார் அக்கா. வைத்துவிட்டார்.

எட்டாவது கார்டை நான் எடுக்கவில்லை. மனைவி வந்தபோது கார்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். முதல் ஆறு பேர் கதைக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏழாவதுக்குத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஜூன் ஒண்ணு பள்ளிக்கூடம் தொறக்கற நாளுங்க. கையத் தலைக்கு மேல கொண்டுபோயி அந்தப் பக்கத்துக் காதத் தொடச் சொல்லுவாங்க. தொட்டுட்டா அஞ்சு வயசு ஆச்சின்னு கணக்கு. வாத்தியாரே அன்னிக்குத் தேதியப் போட்டு எழுதிப்பாரு. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அதான் பொறந்த நாளு. நீங்க ஆஸ்பத்திரில பொறந்து மூணாம் நாளே மேரியில எழுதின ஆளு. உங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

மேரி என்று எங்கள் ஊரில் நகராட்சி அலுவலகத்தைச் சொல்வோம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல். டவுன் குடும்பங்களில் பிள்ளை பிறந்ததும் அங்கே போய்ப் பதிவதை ஒரு சடங்கு மாதிரி செய்வார்கள். நான் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன். என் மனைவி வில்லியனூருக்கு அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளுக்கே பள்ளிக்கூடத் தேதி ஒன்று, ஜாதகத் தேதி ஒன்று என்று இரண்டு உண்டு. அதை நான் அவள் வீட்டாரின் அசட்டை என்று நினைத்து, இத்தனை வருடமாக அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். ஒரு தலைமுறையே அப்படித்தான் என்று எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

மூன்று வாரம் போனது. அக்கா கண்ணாடி வாங்க வரவில்லை. அவர் அனுப்பி யாரும் வரவும் இல்லை. மனைவி இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. டப்பா மேசை மேல் அப்படியே இருந்தது. தினமும் காலையில் ஃபிரேம்களோடு அதையும் துடைத்து வைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு வந்த பயம் கடையைப் பற்றியதுதான். அந்த அக்காவை இழந்தால் அவர் பின்னால் வரும் அத்தனை பேரையும் இழந்த மாதிரி. நாலாவது வாரம் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கோரிமேட்டுக்குப் போனது வியாபாரத்தைக் காப்பாற்றத்தான்.

வீட்டில் அவர் இல்லை. பஸ் ஸ்டாப்பில் போய்ப் பாருங்கள் என்றார்கள். அங்கே, அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு எதிரில், வெளியூர் பஸ்கள் வந்து நிற்கும் இடத்தில், சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திண்டிவனம் பக்கமிருந்தும் விழுப்புரம் பக்கமிருந்தும் நோயாளிகள் இறங்குகிறார்கள். கையில் ஃபைலையும் கூஜாவையும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று விழிக்கிறார்கள். அவர் இருந்த இடத்திலிருந்தே, "எலும்பு டாக்டரா? அந்தக் கேட்டு. மொதல்ல சீட்டு வாங்கினு போ. வெயில்ல நிக்க வைக்காத அந்தம்மாவ" என்று சொல்லி அனுப்புகிறார். யாரும் அவரை நியமிக்கவில்லை. பழைய கண்ணாடியை நூலால் கட்டிப் போட்டிருந்தார். அந்த நூலைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. புதுக் கண்ணாடி என் பையில் இருக்கிறது.

என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பா பேசிட்டேன்க்கா. எனக்குத் தெரியாது" என்றேன். டப்பாவைத் திறந்து கண்ணாடியை அவர் முகத்தில் மாட்டினேன். அவருக்கு வலது காது மேலே. கம்பியைக் கழற்றி வளைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்றினேன். கண்ணாடி பொருத்தும்போது யாரும் அசையாமல் இருக்க வேண்டும். அப்படி அசையாமல் இருந்தபடியே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எங்கம்மா சொல்லும், உனக்கு நாலு வயசு கூட நெறையல, கை நீளமா இருந்துச்சி, காதத் தொட்டுட்ட, சேத்துக்குனாங்கன்னு. வெளையாட்டாதான் சொல்லும். ஒன்றர வருஷம் அங்கயே கூடப் போட்டுட்டாங்க. அது எனக்கு ரிட்டயர் ஆவும்போதுதான் ஒறைச்சிது. இன்னும் ஒன்றர வருஷம் நான் வேல செஞ்சிருக்கணும். மே முப்பத்தொண்ணாந்தேதி சால்வ போட்டு, செவுத்துக் கடிகாரம் குடுத்து அனுப்பிட்டாங்க. ஜூன் ஒண்ணாந்தேதி காலைல நான் எழுந்து, குளிச்சி, யூனிஃபாரம் பொடவையக் கட்டிகினு கதவாண்ட வந்து நிக்கறேன். அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சி. அந்தத் தேதிய நீ வந்து வாழ்த்தற."

கம்பியை இன்னொரு முறை வளைத்து மாட்டினேன். ஓய்வு பெற்ற மனுஷி ஏன் தினமும் இந்தப் பெஞ்சில் வந்து உட்காருகிறார் என்பது புரிந்தது. கடையைப் பற்றிய நினைப்பு அந்த இடத்தில் என்னை விட்டுப் போய்விட்டது.

"நெஜமான பொறந்த நாளு எதுக்கா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ஐப்பசி அடமழன்னு அம்மா சொல்லும். நாங்க அப்ப டவுன்ல இருந்தோம். உப்பளத்துல ஒரு சொல்தா ஊட்ல எங்கம்மா வேல செஞ்சிச்சி. பின்னாடி ஒரு ரூமுல இருந்துச்சி. அந்த ஊட்டு அம்மாவும் மாசமா இருந்தாங்களாம். ரெண்டு பேருக்கும் ஒண்ணா வலி வந்துச்சாம். ஒரே மருத்துவச்சி அங்கயும் இங்கயும் ஓடுனாங்களாம். அவங்க புள்ளைய மேரியில எழுதுனாங்க. எங்கப்பா ஊர்ல நடவுல இருந்தாரு. என்னிய யாரு எழுதப்போறாங்க?"

பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அப்படிப்பட்ட வீடுகள் உப்பளத்தில் இன்றும் இருக்கின்றன. பென்ஷன் பிரான்சிலிருந்து வரும், பிள்ளைகளும் பெரும்பாலும் அங்கேதான். அந்த வீடு எது என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எத்தனையோ முறை அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறார். ஒரு நாளும் இறங்கியதில்லை.

"எந்த மொகத்த வெச்சினு போயி கேப்பேன்? நான் எப்ப பொறந்தேன்னு கேட்டுகினு போற வயசா இது?"

"நான் போயி கேக்கட்டுமாக்கா?"

"உனக்கு வேற வேல இல்லியா?"

"நெஜமாவே இல்லக்கா. கடைக்கு ஆளு வந்து நாளாச்சி."

அதற்குத்தான் அவர் சிரித்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஒரு பஸ் வந்தது, இரண்டு பேருக்கு வழி சொன்னார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு, தெருவையும் வீட்டு அடையாளத்தையும் சொன்னார். "கேட்டியின்னா, தெரிஞ்சா சொல்லு."

முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, நீங்கள் எப்போது பிறந்தீர்கள் என்று கேட்க முடியுமா? அதுவும் இந்தப் பிறந்த நாள் விஷயத்தில் ஏற்கெனவே சூடு பட்ட பூனை நான். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்க்ரூ டப்பாவையும் சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் ரப்பர்த் துண்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். அந்தத் தெருவில் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். "சாரத்துக் கண்ணாடிக் கடைங்க. கண்ணாடி லூசா இருந்தா முடுக்கித் தரேன், காசு வேணாம்." இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விடுவது பற்றிப் பேசினார்கள். மற்ற வீடுகளில் எல்லாம் கண்ணாடி கொண்டுவந்தார்கள். கழன்ற ஸ்க்ரூ இல்லாத வீடே இல்லை. வாசலில் நின்று முடுக்கிக்கொண்டே போனேன். ஒருவர் காபி கொடுத்தார். உண்மையில் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

ஆறாவது வீடுதான் அந்த வீடு. கதவைத் திறந்தவர் உயரமான ஓர் அம்மாள். வெட்டிவிட்ட நரைமுடி, கவுன், கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. அந்தத் தெருவில் அவரை மதாம் என்றுதான் சொன்னார்கள். பிரான்சில் ஆசிரியையாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்.

"வுவாலா! இது எப்ப பாத்தாலும் சறுக்கிகிட்டே இருக்கு, மெஸ்ஸியே" என்று பிரெஞ்சு கலந்து பேசிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். நான் ரப்பரை மாற்றி, கம்பியை வளைத்து, மாட்டிவிட்டேன். தலை குனிந்து நிமிர்ந்து பார்த்தார். சறுக்கவில்லை. மெர்சி, மெர்சி என்று நன்றி சொல்லி, பர்சை எடுக்க உள்ளே போகத் திரும்பினார். காசு வேண்டாம், ஒன்று கேட்க வேண்டும் என்றேன். கேட்டேன். அவர் முகம் உடனே இறுகியது.

"வீடு வீடா ஸ்க்ரூ முடுக்க வந்தவரு என் பொறந்த தேதிய எதுக்குக் கேக்கறீங்க?"

பொய் சொல்ல நினைத்ததுண்டு. சொல்லவில்லை. ஜூன் ஒன்றிலிருந்து பஸ் ஸ்டாப் பெஞ்சு வரை எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே சொன்னேன். பின்னறையில் இருந்த வேலைக்கார அம்மா என்ற இடத்துக்கு வந்தபோது மதாம் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். பிறப்புப் பதிவின் நகல். பிரெஞ்சுக்காரர்கள் எழுதுகிறதை நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். தேதி மட்டுமல்ல, நேரமும் இருந்தது. மாலை ஆறு மணி. ஐப்பசி மாதம்தான். வருடமும் அக்கா சொன்ன ஒன்றரை வருடக் கணக்கோடு சரியாகப் பொருந்தியது.

"மம்மா இந்தக் கதைய நூறு தடவ சொல்லியிருக்காங்க" என்றார் மதாம். "நான் சாயங்காலம் பொறந்துட்டேன். அந்தம்மாவுக்குத்தான் ராத்திரி முழுக்க வலி. விடிகாலைல மாதா கோயில் மணி அடிக்குது, பின்னாடி ரூம்லேர்ந்து கொழந்த அழற சத்தம் கேக்குது. மம்மா படுத்த எடத்துலேர்ந்தே சிலுவ போட்டுக்கிட்டாங்களாம். எனக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ள அவங்க ஊருக்குப் போயிட்டாங்க." அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதில் தூசி இல்லை, நான்தான் சற்று முன்பு துடைத்திருந்தேன். "நான் ஒரு நாளும் அவங்கள தேடல. தேடியிருக்கணும்" என்றார்.

அடுத்தடுத்த இரண்டு தேதிகளையும் ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார். அவை எவை என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அக்காவுக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் கிடைத்தது, அது அவரிடமே இருக்கட்டும்.

கடைக்கு வந்து மனைவியிடம் சீட்டைக் காட்டினேன். சாயங்காலம் மதாம், மறுநாள் விடிகாலை அக்கா, ஆகவே இரண்டாவது தேதிதான் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"கோயில் மணி அடிக்கும்போது விடிஞ்சிருக்காதே. பொழுது விடியறதுக்கு முன்ன பொறந்தா மொத நாளு கணக்குதான். எங்க ஊர்ல ஜாதகம் எழுதறவரு அப்பிடித்தான் எழுதுவாரு."

"ராத்திரி பன்னண்டு மணிக்குத் தேதி மாறிடும்டி."

"அது உங்க மேரிக்கு. எங்களுக்குச் சூரியன் வந்தாத்தான் மாறும்."

இரண்டு நாள் இதே சண்டை. கடைக்கு வந்த ஒரு மின்துறை ஊழியர் என் பக்கம், அவருடைய மனைவி இவள் பக்கம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அக்காவுக்கு ஒரு தேதியைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று பார்த்தால், மறுபடியும் இரண்டு தேதியோடு போய் நிற்க வேண்டுமா? கடைசியில் அப்படித்தான் போய் நின்றேன்.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் மணியைச் சொன்னதும், "மணியடிச்ச நேரம்னு அம்மாவும் சொல்லும்" என்றார். சீட்டைப் புதுக் கண்ணாடியால் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பஸ்ஸில் இறங்கிய ஒருவர் வந்து எதையோ கேட்டார், அவருக்குப் பதில் சொல்லக்கூட அவர் நிமிரவில்லை. நான்தான் கேட்டைக் காட்டி அனுப்பினேன். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, இங்கிலீஷ் கணக்கில் இது, நம் கணக்கில் அது, என் வீட்டில் இதற்காகச் சண்டையே நடக்கிறது என்றேன்.

"எதுக்கு ஒண்ண எடுத்துக்கணும்?" என்றார். முதல் தேதியின் மேல் விரலை வைத்தார். "இந்த நாளு பூரா எங்கம்மா வலியில கெடந்திருக்கா. ஊட்டுக்காரங்க எல்லாம் முன்னாடி அந்தக் கொழந்தையப் பாத்துகினு இருந்திருப்பாங்க. புருசன் ஊர்ல இல்ல. அன்னிக்கி யாரும் அவள ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டாங்க. இது அவ நாளு. அடுத்த நாளு என்னுது. நீ ரெண்டு நாளும் போன் பண்ணு. உனக்கு இன்னா செலவா ஆவப்போவுது?"

அதற்குப் பிறகு அவர் அனுப்பிய ஆட்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். அதை மறைக்கப்போவதில்லை, எனக்கு அது தேவையாக இருந்தது. ஷோரூமும் இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம். மதாமைப் பார்க்க அக்கா இன்னும் போகவில்லை. போகலாம் போகலாம் என்கிறார். ஆர்டர் கார்டில் பிறந்த தேதி என்ற கட்டத்தை மனைவி அடித்துவிட்டாள். "ஊட்ல எந்த நாளச் சொல்லுவாங்க?" என்று வாயால் கேட்டு எழுதுகிறாள். மாசி மகத்துக்கு மறுநாள் என்கிறார்கள், வில்லியனூர்த் தேர் அன்றைக்கு என்கிறார்கள், தம்பி பிறந்ததற்கு முந்தின அறுவடை என்கிறார்கள். அவற்றைத் தேதியாக மாற்ற முடியாமல் நான் திண்டாடுகிறேன். மாசி மகம் முடிந்த மறுநாள் காலையில் மறக்காமல் ஆறு பேருக்குப் போன் செய்கிறேன்.

ஐப்பசி வந்தது. முதல் நாள் நல்ல மழை. மாலை ஆறு மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். என்ன சொல்வது என்று காலையிலிருந்து யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. வலியில் கிடந்த ஒருத்திக்கு, அதுவும் செத்துப் பல வருடமான ஒருத்திக்கு, என்ன வாழ்த்துச் சொல்ல முடியும்? "அக்கா, இன்னிக்கு உங்கம்மா நாளு" என்றேன். "ஆமாம்பா" என்றார். பிறகு எனக்கே தெரியாமல், "உங்கம்மா பாக்க எப்பிடி இருப்பாங்க?" என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். கறுப்பு என்றார், உயரம் என்றார், மீன் குழம்பில் மாங்காய் போட்டால் தெருவே மணக்கும் என்றார், கோபம் வந்தால் பேசாமல் பாத்திரத்தை ஓங்கி வைப்பாள் என்றார். நான் ம் கொட்டியது தவிர வேறொன்றும் செய்யவில்லை. என் மனைவி எதிரில் உட்கார்ந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அலாரம் வைத்து எழுந்தேன். கோயில் மணி அடிக்கும் நேரத்துக்குக் கூப்பிட வேண்டும் என்பது நானாகச் செய்துகொண்ட முடிவு. தூங்கிக்கொண்டிருப்பாரோ என்று தயங்கினேன். போன் ஒரு முறைகூட முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்.

"சொல்லு தம்பி. போனக் கையில வெச்சினுதான் உக்காந்துனு இருக்கேன்."

"அக்கா, இன்னிக்கு உங்க பொறந்த நாளு. நல்லா இருக்கணும்."

ஜன்னல் வழியே ஈரத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார் அக்கா. "மழ சத்தத்துல சரியா கேக்கல."

மழை நடுராத்திரியிலேயே விட்டிருந்தது. நான் இன்னொரு முறை சொன்னேன்.